ஒரு லிட்டர், நான்கு சாலைகள்

அரசு பஸ் டிப்போவில் ஒரு டிரைவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால், சீக்கிரமே ஓர் எண்ணும் கூடவே வந்துவிடும்: கே.எம்.பி.எல். ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்பதுதான் அது. லாரி ஷெட்டில் இதற்குப் பெயர் மைலேஜ். பெயர் எதுவானாலும் கேள்வியின் தொனி ஒன்றே: இந்த வண்டி எவ்வளவு கொடுக்கும், இந்த ஆள் எவ்வளவு கொடுப்பார்?

வண்டியையும் ஆளையும் பற்றிய கேள்வியாகவே இதை நாம் கேட்கிறோம். சாலையை யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டுமென்றால் திண்டுக்கல்லைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்தில், சமவெளியில் இருக்கிறது நகரம். வடக்கே கரூருக்கும் தெற்கே மதுரைக்கும் நான்குவழிச் சாலை ஓடுகிறது. மேற்கே ஒட்டன்சத்திரம், பழனி வழியாகப் பாலக்காட்டுக் கணவாயை நோக்கி ஒரு சாலை. தென்மேற்கே வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் சாலை. நான்காவது, பேகம்பூரும் நாகல்நகரும் பஸ் நிலையமும் நெருக்கியடிக்கும் நகரத் தெரு. 1997 வரை ராணி மங்கம்மாள் பெயரைத் தாங்கி, பிறகு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகமாக மாறிய பஸ்கள் இந்த நான்கு வகைச் சாலையிலும் ஓடுகின்றன. டீசல் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு சாலையும் அந்த லிட்டரை வெவ்வேறு வழியில் செலவழிக்கிறது.

பத்து யூனிட்டில் நாலு

முதலில் லிட்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலை முழுதாக எரித்தால் சுமார் 3 கோடியே 60 லட்சம் ஜூல் வெப்பம் கிடைக்கும். ஈபி கணக்கில் சொன்னால் சரியாக 10 யூனிட். இந்தப் பத்து யூனிட்டும் சக்கரத்துக்குப் போனால் நம் பஸ்கள் இப்போது ஓடுவதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் ஓடும். போவதில்லை. வெப்பத்தை எந்த எந்திரமும் முழுதாக வேலையாக மாற்ற முடியாது என்று 1824-இல் பிரான்சைச் சேர்ந்த சாடி கார்னோ காட்டினார். எந்திரத்துக்குள் எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு குளிர் என்பதுதான் உச்சவரம்பை முடிவு செய்கிறது.

இந்தப் பாடத்தை மியூனிக்கில் மாணவராக இருந்தபோது கேட்டவர் ருடால்ஃப் டீசல். அன்றைய நீராவி எந்திரங்கள் நிலக்கரியின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சிரமப்பட்டுத்தான் வேலையாக்கின. காற்றை மிகக் கடுமையாக அழுத்தினால் அது தானாகவே சூடேறும். அந்தச் சூட்டில் எரிபொருளைப் பீய்ச்சினால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். சூடு கூடக்கூட கார்னோவின் உச்சவரம்பும் உயரும். இதுதான் அவர் யோசனை. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எந்திரத்தைச் சோதித்தபோது 26 விழுக்காடு வேலையாக மாறியிருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய தாவல்.

இன்றைய பஸ், லாரி எந்திரங்கள் காற்றைப் பதினேழு, பதினெட்டில் ஒரு பங்காக அழுத்துகின்றன. பெட்ரோல் எந்திரத்தில் இந்த விகிதம் பத்தை ஒட்டியே இருக்கும். அதற்குமேல் போனால் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்து எந்திரம் தட்டத் தொடங்கிவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. பெட்ரோல் எந்திரத்தில் வேகத்தைக் குறைக்கும்போது காற்று வரும் வழியே அடைபடுகிறது. அடைபட்ட வழியில் மூச்சிழுக்கவே எந்திரம் ஆற்றலைச் செலவழிக்கிறது. டீசல் எந்திரம் காற்றைத் தாராளமாக இழுத்துக்கொண்டு எரிபொருளை மட்டும் குறைக்கிறது. டீசல் வண்டியின் மைலேஜ் பெருமையில் ஒரு பகுதி வெறும் அடர்த்தியால் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஒரு லிட்டர் டீசலில் பத்து விழுக்காட்டுக்கு மேல் ஆற்றல் கூடுதல்.

ஆக, நன்றாகப் பராமரித்த டீசல் எந்திரம் சாதகமான வேகத்தில் ஓடும்போது பத்து யூனிட்டில் சுமார் நான்கை வேலையாக்கும். மற்ற ஆறும் சைலன்ஸர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறும். கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஃபேன், ஏர் கம்ப்ரசர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு சக்கரத்துக்குச் சேர்வது 3.6 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுவதும் நமக்கு வேண்டிய எண் இது ஒன்றுதான். சக்கரத்துக்கு 3.6 யூனிட் வேண்டுமென்றால் டேங்கில் ஒரு லிட்டர் குறையும்.

நின்று நின்று போகும் தெரு

பயணிகளோடு 13 டன் எடையுள்ள ஒரு பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் பஸ் நிலையத்திலிருந்து சின்னாளபட்டி போகும் டவுன் பஸ் என்று நினைத்துக்கொள்ளலாம். நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்கு அதைக் கொண்டுவரத் தேவைப்படும் இயக்க ஆற்றல் 0.22 யூனிட். டீசலில் சுமார் 60 மில்லி. டீக்கடை கிளாஸில் முக்கால் அளவு. சிறிது நேரம் கழித்து அடுத்த நிறுத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். அந்த 60 மில்லி டிரம்மில் சூடாகி, தெருவில் கலைந்து போகிறது.

நிறுத்தம் கிலோமீட்டருக்கு ஒன்று என்றாலும், குறுக்கே வரும் ஆட்டோ, சிக்னல், திரும்பும் லாரி, சாலையோரத்தில் இறக்கும் லோடு என்று நிற்பதற்குக் காரணங்கள் ஏராளம். ஒவ்வொரு தேவையற்ற நிறுத்தத்துக்கும் விலை அந்த முக்கால் கிளாஸ்தான். கடைசி நொடியில் பிரேக் போடும் டிரைவருக்கும், முன்னால் நெரிசலைப் பார்த்ததுமே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும் டிரைவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 13 டன் பஸ், வேறு எதுவும் தடுக்காவிட்டால், சமதளத்தில் அரை கிலோமீட்டருக்கு மேல் தானாகவே உருளும். கியரில் இருந்தால் எந்திரம் பிடித்திழுப்பதால் அந்தத் தூரம் குறையும். ஆனால் அந்த நேரத்தில் நாசில் வழியாக ஒரு சொட்டு டீசலும் இறங்காது. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய வேகத்தைத் தூரமாக மாற்றிக்கொள்வதுதான் நகர ஓட்டத்தின் முழு வித்தை.

ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கி நிறுத்துவது, கியர் மாற்றும்முன் எந்திரத்தை உறுமவிடுவது போன்றவை சின்னச் செலவுகள்தான். டேகோமீட்டரில் பச்சைப் பட்டை வரைந்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அந்தச் சுழற்சி வேகத்தில்தான் எந்திரம் பத்தில் நாலு என்ற கணக்கை நெருங்குகிறது. ஆனால் இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும், நிற்காமல் போக ஒரு வழி கிடைப்பதற்கு ஈடாகாது. நகருக்குள் வரத் தேவையில்லாத வண்டிகளுக்குப் புறவழிச்சாலை அமைப்பது நேரத்தை மட்டுமல்ல, டீசலையும் மிச்சம் பிடிக்கிறது.

நான்குவழிச் சாலையும் காற்றின் வரியும்

ஊரைத் தாண்டி மதுரைச் சாலையில் ஏறியதும் நிறுத்தங்கள் குறைகின்றன. இப்போது இரண்டு எதிரிகள் மிச்சம்: டயரும் காற்றும்.

டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது; உருண்டு மேலே வந்ததும் விரிகிறது. ரப்பர் நசுங்கும்போது வாங்கிய ஆற்றலை விரியும்போது முழுதாகத் திருப்பித் தராது. மிச்சம் சூடாகிவிடும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் லாரி டயரைத் தொட்டால் சுடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். 13 டன் பஸ்ஸுக்கு இந்தத் தடை, 100 கிலோ எடையைத் தூக்கத் தேவைப்படும் விசையை ஒத்தது. கிலோமீட்டருக்கு 0.28 யூனிட். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாக மாறாது. டயரில் காற்று குறைந்தால் மட்டும் நசுங்கல் அதிகமாகி இந்தச் செலவு ஏறும். பழைய நைலான் டயரைவிட ரேடியல் டயர் டீசலை மிச்சப்படுத்துவதும் அதன் சுவர்கள் வளைந்து நிமிரும்போது குறைவாகச் சூடாவதால்தான்.

காற்றின் கணக்கு வேறு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். பஸ்ஸின் முகம் செங்குத்தான சுவர். ஏழெட்டு சதுர மீட்டர் பரப்பு. 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளக் கிலோமீட்டருக்கு 0.21 யூனிட் போதும். 80-இல் 0.38. நூறைத் தொட்டால் 0.59, அதாவது டயருக்குச் செலவாவதைப்போல் இரண்டு மடங்கு. நம் பஸ்ஸுக்கு எழுபதை நெருங்கும்போது டயரும் காற்றும் சமமாகின்றன. அதற்குமேல் வண்டியை விரட்டுகிறவர் பெரும்பாலும் காற்றுக்குத்தான் டீசல் ஊற்றுகிறார்.

இரண்டையும் கூட்டுங்கள். சீரான 60-இல் கிலோமீட்டருக்கு 0.5 யூனிட், லிட்டருக்கு ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சீரான 80-இல் 0.66 யூனிட், லிட்டருக்கு ஐந்தரை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். எண்பதில் போனால் 49 நிமிடம், 12 லிட்டர். அறுபதில் போனால் 65 நிமிடம், 9 லிட்டர். பதினாறு நிமிடத்தை மூன்று லிட்டர் கொடுத்து வாங்குகிறோம்.

வாங்கலாமா, கூடாதா என்பதற்கு இயற்பியலில் விடை கிடையாது. நிலக்கோட்டைப் பூவை ஏற்றிக்கொண்டு அதிகாலை மார்க்கெட்டுக்கு ஓடும் வேனுக்குப் பதினாறு நிமிடம் மூன்று லிட்டரைவிட விலையுயர்ந்ததாக இருக்கலாம். சிமென்ட் மூட்டை ஏற்றிய லாரிக்கு அப்படி இருக்காது. டீசல் விலை 2014 அக்டோபரில் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டது. 2017 ஜூனிலிருந்து தினமும் மாறலாம் என்றானது. இன்று லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி விற்கிற நிலையில் இந்தக் கணக்கை ஒவ்வொரு டிரிப்புக்கும் போட்டுப் பார்ப்பது வீணல்ல.

ஆடியில் மேற்கே போகும் லாரி

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் தமிழ்நாட்டின் பெரிய மார்க்கெட்டுகளில் ஒன்று. இங்கே ஏறும் முருங்கையும் தக்காளியும் வெங்காயமும் பூசணியும் பெருமளவு கேரளாவுக்குப் போகின்றன. பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பிறகு பாலக்காடு. சாலை முழுக்க மேற்கு நோக்கியது. பெரிய ஏற்றம் எதுவும் கிடையாது. ஏனென்றால் மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் கணவாய்.

லாரிக்கு வசதியான அதே வாசல்தான் காற்றுக்கும் வாசல். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையில் முட்டி, கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தக் கணவாயில் நெருக்கியடித்து நுழைகிறது. குறுகிய வழியில் வேகம் கூடுகிறது. உடுமலையிலும் தாராபுரத்திலும் பல்லடத்திலும் காற்றாலைகள் அடர்ந்து நிற்பது அதனால்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றார்கள் முன்னோர். அம்மிக்கு நடப்பது லாரிக்கும் நடக்கும். பறக்காது, டீசல் குடிக்கும்.

காற்றின் எதிர்ப்பைத் தீர்மானிப்பது ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமல்ல. வண்டிக்கும் காற்றுக்கும் இடையிலான வேகம். லாரி மேற்கே 60-இல் போகிறது. எதிரே 30-இல் காற்று வீசுகிறது. முகத்தில் அறையும் காற்றின் வேகம் 90. ஒன்றரை மடங்கு வேகம் என்பதால் எதிர்ப்பு 2.25 மடங்கு. தார்ப்பாய் போர்த்தி 16 டன் எடையோடு போகும் லாரி, காற்றில்லாத நாளில் சீராக லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கொடுக்கும் என்றால், இந்தக் காற்றில் 4 கொடுக்கும். எந்திரத்தில் கோளாறு இல்லை, டிரைவர் கால் கனக்கவில்லை, பம்ப்பைக் கழற்றிக் கேலிபரேஷன் பார்க்கவும் தேவையில்லை. ஆடி மாதம், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுமே, கணக்கு சரியாகிவிடாதா? இங்கேதான் பலரும் ஏமாறுவார்கள். திரும்பும்போது காற்றோடு ஒப்பிட்டால் லாரியின் வேகம் 30. எதிர்ப்பு கால் மடங்கு. போகும்போது 2.25, வரும்போது 0.25. சராசரி 1.25. போகவரச் சேர்த்துக் காற்றுக்குக் கொடுக்கும் விலை கால் பங்கு கூடிவிடுகிறது. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், எதிர்க்காற்று பறிப்பதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தராது. டயரின் செலவையும் சேர்த்து, போகும்போது லோடு, வரும்போது எம்ப்டி என்று கணக்கிட்டால், போகவர மொத்த டீசலில் எட்டில் ஒரு பங்கு கூடுதல்.

ஓணத்துக்குக் காய்கறித் தேவை உச்சத்துக்குப் போகும் ஆவணியில் இந்தக் காற்று முழுதாக அடங்கியிருக்காது. காற்றை நிறுத்த யாராலும் முடியாது. ஆனால் எதிர்க்காற்றில் பத்து கிலோமீட்டர் வேகத்தைக் குறைப்பதால் கிடைக்கும் மிச்சம், சாதாரண நாளில் அதே பத்தைக் குறைப்பதால் கிடைப்பதைவிட அதிகம். பொதுவாகத் தரைக்காற்று பகலில் வலுத்து இரவில் தணியும் என்பதால், இரவு ஓட்டத்துக்கு நெரிசல் குறைவு என்பதோடு இன்னொரு நியாயமும் சேர்கிறது. தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவதும் லோடைக் காப்பதற்கு மட்டுமல்ல. படபடக்கும் தார்ப்பாய் காற்றைக் கலக்கிவிட்டு இழுவையைக் கூட்டும்.

கொடை ஏற்றம்

வத்தலக்குண்டு தாண்டினால் மலை தொடங்குகிறது. டம் டம் பாறை, ஊத்து, பண்ணைக்காடு பிரிவு, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று வளைந்து வளைந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலைத் தொடும் சாலை. அடிவாரத்திலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 1,800 மீட்டர் ஏற்றம்.

வேகம் குறைவு என்பதால் காற்று இங்கே எதிரியல்ல. மேலே போகப்போகக் காற்றே மெலிந்துவிடும். இங்கே எதிரி எடை. 13 டன்னை 1,800 மீட்டர் தூக்க 64 யூனிட் வேண்டும். டீசலில் சுமார் 18 லிட்டர். டயருக்கும் வளைவுகளுக்கும் ஆகும் செலவு இதற்கு மேல். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் 100 யூனிட். அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு பஸ் ஒரே ஏற்றத்தில் செலவழித்துவிடுகிறது.

இதை ஆளுக்குப் பிரித்தால் சுவாரஸ்யம். 65 கிலோ எடையுள்ள ஒரு பயணியைக் கொடைக்கு ஏற்ற 90 மில்லி டீசல் போதும். ஐம்பது பேருக்கு நாலரை லிட்டர். மிச்சம் 13 லிட்டருக்கு மேல் பஸ்ஸின் தகட்டையும் எந்திரத்தையும் சேஸியையும் தூக்கச் செலவாகிறது. மலைக்குப் போகும் வண்டி சிறியதாகவும் இலேசாகவும் இருப்பது வளைவில் திரும்புவதற்கு மட்டும் நல்லதல்ல என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். சமவெளியில் கேரியரில் கிடக்கும் பழைய ஜாக்கியும் தேவையற்ற சாமானும் பெரிதாக எதுவும் செய்துவிடாது. மலையில் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் 14 மில்லி.

இறங்கும்போது அந்த 64 யூனிட் என்னவாகிறது? இருபது யூனிட் போல டயரும் காற்றும் எடுத்துக்கொள்ளும். அவ்வளவு தூரம் டீசல் இல்லாமலே பஸ் இறங்கிவிடுகிறது. மிச்சமுள்ள 40 யூனிட்டுக்கு மேல் பிரேக்கிலும் எந்திரத்திலும் சூடாக அழிய வேண்டும். இங்கே ஒரு பழைய நம்பிக்கையை உடைத்தாக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. நடப்பது நேர்மாறு. கியரில் இறங்கும்போது சக்கரம்தான் எந்திரத்தைச் சுற்றுகிறது. டிரைவர் ஆக்சிலேட்டரைத் தொடாதவரை எரிபொருள் நின்றுவிடும். பழைய பம்ப்பிலும் கவர்னர் இதைத்தான் செய்தது. புதிய எந்திரத்தில் கம்ப்யூட்டர் செய்கிறது. நியூட்ரலில் போட்டால் எந்திரம் அணையாமல் இருக்கத் தானே டீசல் குடிக்க வேண்டும். மிச்சம் எதுவும் இல்லை. கூடவே முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. சூடேறிய லைனிங் பிடிமானத்தை இழக்கும். மலைப்பாதை விபத்துகளில் பல அங்கேதான் தொடங்குகின்றன. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த டிரைவர்கள் சொல்வது பாதுகாப்புக்கான பாடம் மட்டுமல்ல, சிக்கனப் பாடமும்கூட.

ஏறும்போது கொடுத்ததை இறங்கும்போது திருப்பி வாங்க டீசல் எந்திரத்துக்கு வழியே கிடையாது. பேட்டரி வண்டி அதில் ஒரு பகுதியை மின்சாரமாகத் திருப்பிச் சேமிக்கும். மின்சார பஸ்ஸுக்கு மலைப்பாதை கடினம் என்ற பேச்சில் பாதி உண்மைதான். மறுபாதி, அது பயன் தரும் இடமும் இதே மலைப்பாதையே.

ஓடாத வண்டியின் செலவு

வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவலானது. நம் பக்கத்தில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகருக்கு நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். தேர்தல் வந்தால் தலைவர்களின் பிரச்சார வேன். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு படுக்கையும் சமையலறையும் கொண்ட வண்டிகள் சுற்றுலாவுக்கும் வந்தன. ஆனால் நம்முடைய அசல் நடமாடும் வீடு லாரி கேபின். வாரக்கணக்கில் அதிலேயே தூங்கி, ஓரமாக நிறுத்திச் சமைத்து வாழ்கிறவர்கள் பல்லாயிரம் பேர். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் போர்வெல் வண்டிகள் மாதக்கணக்கில் வடமாநிலங்களில் சுற்றுவதும் இந்தக் கணக்கில் சேரும்.

ஓடும்போது இந்த வண்டிகளுக்கும் அதே விதிகள்தான். கேரவனின் செங்குத்து முகம் நான்குவழிச் சாலையில் காற்றுக்கு வரி கட்டும். நிரம்பிய 100 லிட்டர் தண்ணீர் டேங்க்கைக் கொடைக்கு ஏற்ற 136 மில்லி டீசல் ஆகும். மேலே போய் நிரப்பிக்கொள்வது புத்திசாலித்தனம். புதிய கேள்வி, வண்டி நிற்கும்போது எழுகிறது. இரவு முழுக்க ஏசி ஓட எட்டு யூனிட் மின்சாரம் என்று வைப்போம். சிறிய ஜெனரேட்டர் யூனிட்டுக்கு 0.4 லிட்டர் கேட்கும். மொத்தம் மூன்று லிட்டரைக் கொஞ்சம் தாண்டும். அதற்காகப் பெரிய எந்திரத்தையே ஓடவிட்டால் மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை போகும்; விடிவதற்குள் பத்து லிட்டரைத் தாண்டிவிடலாம். தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும் எந்திரம் பத்து யூனிட்டில் நாலு என்ற கணக்குக்கு அருகில்கூட வராது.

2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ள சைலன்ஸரில் நல்ல சூடு வேண்டும். நின்றபடி ஓடும் எந்திரம் அந்தச் சூட்டைத் தராது. வடிகட்டி அடைபடும், பிறகு அதை எரித்துச் சுத்தப்படுத்தவும் கூடுதல் டீசல் செலவாகும். 2025 முதல் புதிய கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயமாகியிருக்கிறது. திண்டுக்கல் வெயிலில் எந்திரத்தின் மேல் உட்கார்ந்து ஓட்டுகிறவர்களுக்கு நெடுநாள் முன்பே கிடைத்திருக்க வேண்டிய வசதி அது. ஓட்டத்தில் அதற்கான டீசல் சொற்பம். தூங்கும் இரவுக்குத்தான் வேறு ஏற்பாடு வேண்டும். பேட்டரியில் ஓடும் ஏசியோ, ஓய்விடங்களில் மின்சார இணைப்போ அதைத் தீர்க்கும்.

எதை அளப்பது?

இப்போது டிப்போவின் எண்ணுக்குத் திரும்பலாம். கொடைக்கானல் டிரைவரின் கே.எம்.பி.எல்.-ஐப் பழனி டிரைவரின் கே.எம்.பி.எல்.-ஓடு ஒப்பிடுவது இருவருக்கும் நியாயமாகாது. ஒருவருடைய டீசலை எடை தின்கிறது, மற்றவருடையதைக் காற்று தின்கிறது. பழனி டிரைவரின் ஆடி மாத எண்ணை அவருடைய தை மாத எண்ணோடு ஒப்பிடுவதும் அப்படித்தான். ஒரே ரூட், ஒரே மாதம், ஒரே வகை வண்டி என்று வைத்து ஒப்பிட்டால் மிஞ்சும் வித்தியாசத்தில்தான் டிரைவரின் கால் தெரியும். அது நிஜமான வித்தியாசம். அதைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் டைமிங்கை இறுக்கி வைத்துவிட்டு மைலேஜையும் கேட்பது, எண்பதில் ஓட்டச் சொல்லிவிட்டு அறுபதின் டீசலைக் கேட்பதாகும்.

சரக்குக்கு வந்தால் கே.எம்.பி.எல். இன்னும் தவறாக வழிகாட்டும். முக்கால் டன் ஏற்றும் குட்டியானை லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடுகிறது. பத்து டன் ஏற்றும் லாரி நான்கரைதான். எண்ணைப் பார்த்தால் குட்டியானைக்கே வெற்றி. ஒரு லிட்டரில் எத்தனை டன் எத்தனை கிலோமீட்டர் போனது என்று பெருக்கிப் பாருங்கள். குட்டியானைக்கு 12, லாரிக்கு 45. எம்ப்டியாகத் திரும்பும் லாரியோ லிட்டருக்கு ஆறேழு கிலோமீட்டர் ஓடிப் புத்தகத்தில் நல்ல எண்ணைப் பதிக்கும். அந்த ஓட்டத்தின் பயன் பூஜ்யம். பாலக்காட்டிலிருந்து ஒரு ரிட்டன் லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஏஜெண்ட், எந்த மெக்கானிக்கும் செய்ய முடியாத அளவு டீசலை மிச்சம் பிடிக்கிறார்.

ஆட்களுக்கும் இதே பெருக்கல்தான். இரண்டு பேர் போகும் கார் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுத்தால் 36. இருவர் போகும் பைக் ஐம்பது கொடுத்தால் 100. ஐம்பது பேரோடு போகும் பஸ் வெறும் ஐந்து கொடுத்தாலே 250. அதே பஸ்ஸில் ஐந்து பேர் இருந்தால் 25, காரிடமே தோற்றுவிடும். டிரைவரின் காலும் டயரின் காற்றும் பத்து, பதினைந்து விழுக்காட்டைக் காப்பாற்றலாம். இருக்கை நிரம்புவதும் காலியாக இருப்பதும் பத்து மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறது. எனவே டீசலை மிச்சப்படுத்த நினைக்கும் நிர்வாகம் முதலில் திறக்க வேண்டியது பஸ் நேர அட்டவணையை; பானெட்டை அதற்குப் பிறகு திறக்கலாம்.